18-ஆம் தேதி வரும் பில் பை: வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். 2017 ஜூலை 1-இல் இவ்வரி நடைமுறைக்கு வந்தது முதல் வரி விகிதங்கள் குறித்து வணிகர் சங்கங்கள் கொடுத்த மனுக்கள் ஏராளம், அவை தேவையானவையே. ஆனால், ஒரு கொள்முதல் பில்லை எப்படிப் பதிந்து வைப்பது என்று உறுப்பினர்களுக்குக் கற்றுத்தர ஒரு சங்கம் அரைநாள் ஒதுக்கியதை நான் கண்டதில்லை.

மாதந்தோறும் 18-ஆம் தேதி வாக்கில் பை நிறைய பில்கள் என் மேசைக்கு வருகின்றன. ஜிஎஸ்டிஆர்-3பி எனப்படும் மாதாந்திர வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் 20 என்பதால் காலம் இருப்பதாக வணிகர் நினைக்கிறார். உண்மையில் அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. விற்றவர் தம் விற்பனை விவரத்தை 11-ஆம் தேதிக்குள் போர்ட்டலில், அதாவது ஜிஎஸ்டி இணையதளத்தில், ஏற்ற வேண்டும். அதிலிருந்து 14-ஆம் தேதி நமக்கான கொள்முதல் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி உருவாகிறது. 2022 ஜனவரி முதல் அதில் இடம்பெறாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியை நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. விற்றவர் நம் 15 இலக்கப் பதிவெண்ணுக்குப் பதிலாக வேறொருவருடையதை இட்டிருந்தாலோ, பதிவெண் இல்லாத சில்லறை விற்பனையாகக் காட்டியிருந்தாலோ, கையில் பில் இருந்தும் வரவு வராது. சரக்கு வந்த அன்றே பில்லைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றும் பழக்கம் இருந்தால், 11-ஆம் தேதிக்கு முன்பே விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துத் திருத்தச் சொல்லலாம். பிறகும் திருத்த வழி உண்டுதான். அதுவரை முடங்கிக் கிடப்பது வணிகரின் பணம்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கான காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் திட்டத்தை மூன்று மாத ஓய்வு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். காலாண்டின் முதல் இரு மாதங்களில் ஒவ்வொன்றின் வரியையும் அதற்கடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அந்த மாதங்களின் விற்பனை பில்களை அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றுவது கட்டாயமில்லை என்றாலும், ஏற்றாவிட்டால் வாங்குபவருக்கு வரவு தள்ளிப்போகும். அவர் வேறு கடையைத் தேடிப் போய்விடுவார்.

இன்னொன்று, என் தொழில்துறையினர் விரும்பாதது. போர்ட்டலின் கடவுச்சொல்லும் ஓடிபி வரும் கைப்பேசி எண்ணும் கணக்கரிடமே இருக்கின்றன. போர்ட்டலில் நோட்டீஸ் வந்து கிடப்பது உரிமையாளருக்குத் தெரிவதில்லை. அந்த எண் உரிமையாளருடையதாகவே இருக்கட்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஏப்ரலில் புதிய பில் வரிசை தொடங்கும் முன், மார்ச் மாதக் கூட்டத்தில் அரைநாள் வகுப்பு வையுங்கள். விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ஒரு எக்செல் தாளும் போர்ட்டலில் இலவசமாகக் கிடைக்கும், இணையமின்றி இயங்கும் ஆஃப்லைன் கருவியும் தொடக்கத்துக்குப் போதும். ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களைக் காக்கச் சட்டம் சொல்கிறது; வெப்பத் தாளில் அச்சான பில்லோ சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். எனவே படமெடுத்துச் சேமிப்பதையும் அன்றே பழக்கலாம். உறுப்பினர்கள் தங்கள் சொந்த பில்களையே கொண்டு வரட்டும். கட்டணமின்றி வந்து கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜிஎஸ்டி ஆலோசகர்