விடுமுறையில் ராட்டினத்தைப் படமெடுப்போருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசெம்பர் விடுமுறையில் களியாட்டப் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் எடுக்கும் இரவுப் படங்களில் ராட்டினம் பெரும்பாலும் வெள்ளைத் திட்டாகத்தான் விழுகிறது. கமராவின் தரம் இதற்குக் காரணமல்ல, தானியங்கி முறைதான்.

கைத்தொலைபேசியிலும் அளவுகளை நாமே மாற்றக்கூடிய 'புரோ' முறை இருந்தால் போதும். பெரிய ராட்டினத்துக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 4 செக்கன். கமராவில் லென்ஸின் ஒளித் துவாரத்தை எஃப்/11 இல் வையுங்கள். பல்புகளின் நிறம் வெளுத்தால் இன்னும் சிறிய துவாரமான எஃப்/16. பெரும்பாலான தொலைபேசிகளில் துவாரம் மாறாது, ஆகவே ஷட்டரை 1 செக்கனுக்கோ அதற்கும் கீழோ குறைக்க வேண்டும். முக்காலி இல்லாவிட்டால் மதில் விளிம்பு உதவும். விரல் பட்டாலே படம் ஆடிவிடும் என்பதால் அழுத்தி 2 செக்கன் கழித்துப் படமெடுக்கும் டைமர் அவசியம். இலங்கையில் டிசெம்பரில் சூரியன் மாலை 6 மணியளவில் மறைகிறது. வானம் கருநீலமாக நிற்பது அதன்பின் ஏறக்குறைய 20 நிமிடந்தான். அதைத் தவறவிட்டால் பின்னணி வெறும் கறுப்பு.

குதிரை ராட்டினத்துக்கு ஷட்டர் 1/15 செக்கன். பிள்ளையின் முகத்தோடு கமராவையும் சேர்த்துத் திருப்ப வேண்டும், அழுத்திய பிறகும் நிறுத்தக் கூடாது. பத்தில் ஒன்று தேறினால் நல்லது.

வேகமான ஷட்டரில் எடுக்கும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றனவா? நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி பல்புகள் செக்கனுக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 செக்கனில் வைத்தால் பட்டை மறையும்.

கடலோரமான காலிமுகத்திடல் பக்கம் எடுப்பவர்கள் லென்ஸில் படியும் உப்பை முதலில் ஊதியே அகற்றுங்கள். சேட் நுனியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

புகைப்பட ஆர்வலர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.