தேத்தண்ணி வேண்டாமெண்ட ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நடந்தது என்னெண்டு உங்களுக்குத் தெரியும், எங்கட கத்தோலிக்கக் கோயில் பெருநாள் காசை நான் எடுத்திட்டன் எண்டு ஒழுங்கையில தொடங்கின கதை கனடா வரைக்கும் போய்த் திரும்பி வந்திட்டுது, அதை முழுக்கத் திருப்பிச் சொல்ல எனக்கு ஏலாது. போன ஞாயிறு பூசை முடிய பெருநாள் கணக்கை எல்லாருக்கும் முன்னால வாசிச்சவை, ஒரு சதமும் குறையேல்லை. இதை எழுதேக்கையும் கை நடுங்குது.

கனபேருக்கு நன்றி சொல்லவேணும். நாள் தவறாமல் போன் எடுத்த மச்சான்மார், வாசகம் வாசிக்க என்ர பேரை வெட்டாமல் விட்ட பொடியள், எனக்காக நல்லூரில அருச்சனை செய்த பக்கத்து வீட்டு அக்கா (அவ சைவம், நான் வேதம், முருகன் ஒண்டும் கேக்கேல்லையாம்), அந்த மூண்டு கிழமையும் நித்திரை இல்லாமல் கிடந்த என்ர மனிசி. எல்லாரும் "உன்னை நம்புறம்" எண்டு சொன்னியள். அது பெரிய ஆறுதல்.

ஆனா சங்கக்கடையில மனேச்சரா இருந்து பென்சன் எடுத்த ஐயா அப்பிடிச் சொல்லேல்லை. எனக்கும் அவருக்கும் முந்தி சவுண்ட் பொக்ஸ் விசயத்தில பெரிய வாய்த்தர்க்கம், ரெண்டு வருசமாக் கதை இல்லை. அவர் ஒரு நாள் இரவு ஒன்பது மணி போல ரோச் லைற்றும் கையுமா வந்து படலையில நிண்டு கூப்பிட்டார், நான் ஏச வந்திட்டார் எண்டுதான் நினைச்சன். விறாந்தையில இருந்துகொண்டு, "தம்பி, நீ எடுத்தனியோ எடுக்கேல்லையோ எனக்குத் தெரியாது, உன்னைக் கேக்காமல் கதைக்கக் கூடாதெண்டு வந்தனான், ரிசீற் புத்தகங்களைக் கொண்டா" எண்டார். மனிசி தேத்தண்ணி கொண்டர, "வை பிள்ளை, கணக்குப் பாத்து முடியும்வரைக்கும் இந்த வீட்டில பச்சைத்தண்ணியும் குடிக்க மாட்டன், பிறகு குடிச்சிட்டுச் சொல்லுறான் எண்டுவாங்கள்" எண்டிட்டு கண்ணாடியைப் போட்டார். பந்தல், லைற், பூ, பாண்ட்காரர், ஒவ்வொரு துண்டாப் பாத்தார். ஒரு ரிசீற் அடிக்கட்டையைக் காணேல்லை, அதையும் விடேல்லை, அலுமாரி முழுக்கக் கிளறி எடுத்தம். பன்னிரண்டு மணியாகுது, கொப்பியை மூடினார். "இப்ப தா பிள்ளை" எண்டு அந்த ஆறின தேத்தண்ணியை ஒரே மூச்சில குடிச்சார். நான் அழுதிட்டன்.

தவக்காலம் ஐந்தாம் கிழமை திங்கள் பூசையில சூசன்னாவின்ர கதை வாசிப்பினம், தானியேல் 13. கள்ளத்தொடர்பு எண்டு ரெண்டு முதியோர் பொய்ப்பழி போட, ஊரே தீர்ப்புச் சொல்லி அவவைக் கொல்லக் கொண்டுபோகேக்க தானியேல் மறிச்சு, சாட்சி சொன்ன அந்த ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்து எந்த மரத்துக்குக் கீழ கண்டனியள் எண்டு கேட்டவர், ஒருத்தர் ஒரு மரம் சொல்ல மற்றவர் வேற மரம் சொன்னார், பொய் பிடிபட்டுது. தானியேல் இளந்தாரி, எனக்கு வந்த தானியேலுக்கு முழங்கால் நோ. வட்டுக்கோட்டையில இருக்கிற தென்னிந்தியத் திருச்சபைச் (புரட்டஸ்தாந்து) சிநேகிதனுக்கு இதைச் சொன்னன், அவையின்ர வேதாகமத்தில அந்த அதிகாரம் இல்லையாம். அவன் நிக்கொதேமுவைக் காட்டினான், யோவான் 7:51, இயேசுவைக் குற்றஞ்சொன்ன பரிசேயரிட்ட, ஒருத்தரை விசாரிக்காமல் எங்கட சட்டம் தீர்ப்புச் சொல்லுமோ எண்டு அவர் கேட்ட இடம். பொய்ச்சாட்சி சொல்லாதே எண்டது எங்களுக்கு எட்டாம் கட்டளை, அவைக்கு ஒன்பதாம் கட்டளை, நம்பரிலதான் வித்தியாசம்.

இன்னொண்டும் எழுதத்தான் வேணும், வெக்கமாத்தான் இருக்கு. ஐயா வெளிக்கிடேக்க படலையில நிண்டு கேட்டார், "முந்தி அந்தப் பொடியனைப் பற்றி ஊர் இப்பிடிக் கதைச்ச நேரம் நீயும் கதைச்சனி, அவன்ர கணக்குக் கொப்பியைப் பாத்தனியோ?" நான் பாக்கேல்லை. கேக்கவும் இல்லை. நாலு பேர் சொன்னதை அஞ்சாம் ஆளாச் சொன்னன். மறைக்கல்வியில அவசரத் தீர்ப்பும் பாவமெண்டு இருக்கு, அதைச் சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சதும் நான்தான். அடுத்த நாளே அவன்ர வீட்டுக்குப் போனன். தாய் கதவைத் திறந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் உள்ள போட்டா. இந்தச் சனியும் போவன். இனி ஒருத்தரைப் பற்றி எவர் என்ன சொன்னாலும் அந்த ஆளிட்டக் கேக்காமல் என்ர வாயால ஒரு சொல்லு வராது, இது நேர்த்தி.

ஐயா, உங்கட ரோச் லைற் எங்கட விறாந்தையில கிடக்கு. வந்து எடுங்கோ, இந்த முறை தேத்தண்ணி ஆறாமல் குடிக்கலாம்.