ஆண்கள் கூட்டத்தில் என்ன பேசுவது?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஆசைப்பட்ட படிப்பிலேயே சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் நாளான நவம்பர் 25 அன்று அலுவலகத்து ஆண்களிடம் நீ பேச வேண்டும், என்ன பேசுவதென்று புரியவில்லை என்று எழுதியிருந்தாய். 'உன் அக்கா தங்கச்சிக்கு இப்படி நடந்தால்?' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. யாருக்கும் அக்காவோ தங்கையோ இல்லாத பெண்ணையும் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் நடந்ததைச் சொல். 1989 டிசம்பர் 6 அன்று அங்கே ஒரு பொறியியல் கல்லூரிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஒரு வகுப்பில் ஆண்களைத் தனியே பிரித்து வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று அந்தக் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, 1991-ல், கனடாவில் ஆண்கள் சிலர் சேர்ந்து வெள்ளை ரிப்பன் இயக்கத்தைத் தொடங்கினார்கள். சட்டையில் ரிப்பன் குத்துகிறவர் எடுக்கும் உறுதிமொழி இதுதான்: பெண்கள் மீது வன்முறை செய்ய மாட்டேன், அதற்குத் துணைபோக மாட்டேன், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். முதலாவதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று. நீ மூன்றாவதைப் பற்றிப் பேசு. நம்மைப் போன்றவர்கள் தவறுகிற இடம் அதுதான்.

போன மாதம் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒருவன் மனைவிக்கு வீடியோ கால் போட்டு, "கேமராவைத் திருப்பு, பக்கத்துல யாரு?" என்றான். அவர் ஒன்றும் சொல்லாமல் போனை அறை முழுக்கச் சுற்றிக் காட்டினார். வைத்ததும், "இப்படித்தான் கைக்குள்ள வச்சுக்கணும்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். கிளம்பும்போது அவனோடு தனியாக நடந்தேன். "அவங்க முகத்துல பயம் இருந்ததுடா, எனக்கே தெரிஞ்சுது" என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது. கொஞ்ச தூரம் போனபின், "எங்கப்பா இதைவிட மோசம்" என்றான். அவன் மாறிவிட்டான் என்றெல்லாம் எழுத மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு முறை அவனே கூப்பிட்டுப் பேசினான்.

அன்று நான் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. இதைக் கூட்டத்தில் கட்டாயம் சொல். ஒரு பெண் நம்பிக்கையோடு சொன்ன விஷயத்தை வைத்துக்கொண்டு அவள் கணவனைத் தட்டிக் கேட்கப் போனால், அந்தக் கோபம் வீட்டுக்குள் போய் அவள் மேல்தான் இறங்கும். அடி நடக்கிற வீடென்றால் முதலில் அவளிடம் கேட்க வேண்டும், என்ன செய்தால் உனக்குப் பாதுகாப்பு என்று. நம் வீரத்தைக் காட்டுகிற இடம் இல்லை அது.

அப்புறம், ஒரே கூட்டத்தோடு முடித்துவிடாதே. ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் இளம் தந்தையரை வாராவாரம் கூட்டி, பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை, கோபம், குடும்பத்தில் முடிவெடுப்பது பற்றியெல்லாம் பேசவைத்தார்கள். மொத்தம் 15 அமர்வுகள், சிலவற்றில் மனைவியரும் இருந்தார்கள். தொடங்கி 21 மாதம் கழித்து விசாரித்தபோது, அந்தக் குடும்பங்களில் முந்தைய ஓராண்டில் கணவனிடம் அடிபட்டதாகச் சொன்ன பெண்கள் 33 சதவீதம். பயிற்சி இல்லாத குடும்பங்களில் 57 சதவீதம். 33 என்பதும் பெரிய எண்தான், எனக்கு அதில் ஆறுதல் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினால் பலன் உண்டு என்று தெரிகிறது. உன் மேலதிகாரியிடம் மாதம் ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்கு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் அலுவலகப் பெண்களிடம் போய், ஆண்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேள். எதிர்த்துப் பேசாமல், விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள். பல காலமாக இதற்காகப் போராடி வருகிறவர்கள் அவர்கள்தான். நாம் பின்னால் வந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

அவர்கள் சொன்னதை எனக்கும் எழுது. மகளுக்கு என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்