சிபிலுக்கு உடம்பு சரியில்லையாம்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

உன் மெசேஜ் பார்த்தேன். ‘சனிக்கிழமை ராத்திரி பார்க்க ஏதாவது பழைய பிரிட்டிஷ் காமெடி சொல்லும்மா’ என்று ஒரே வரி. சனிக்கிழமை ராத்திரி நீங்கள் வீட்டில் தங்குகிற ஆட்களே இல்லையே என்று நினைத்தேன். போகட்டும், கேட்டாயே, அதுவே சந்தோஷம். இந்த விஷயத்தில் என்னைவிட உனக்கு வேறு ஆள் கிடையாது. போனில் சொன்னால் ‘ம், ம்’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சொல்லப் போவது முக்கியமாக ஃபால்டி டவர்ஸ், ஒரு ஹோட்டலில் நடக்கிற காமெடி. சுதாவுக்குத் தலைவலி தேவலையா? போன வாரம் தூங்குகிறாள் என்றாய். அதற்கு முந்தின வாரமும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

முதலில் டிவியைச் சரிசெய். இந்தத் தொடர்கள் எல்லாம் 4:3 அளவில் எடுத்தவை. இப்போதைய டிவி அதை இரண்டு பக்கமும் இழுத்துத் திரை முழுக்கக் காட்டும். ஹோட்டல்காரன் பேசிலாக நடிக்கிற ஜான் கிளீஸ் ஆறடி ஐந்தங்குலம். அவர் காலும் கையும் நீண்டு மடங்குவதில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. இழுத்துவிட்டால் அவர் குண்டாகத் தெரிவார், சிரிப்பு போய்விடும். படத்தின் அளவு என்று செட்டிங்கில் இருக்கும், அதை 4:3-க்கு மாற்று. இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். அடுத்தது, சப்டைட்டிலை நிறுத்து. நடிகர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே கீழே வரி வந்துவிடுகிறது, நீ படித்து முடித்தபிறகு அவர் சொல்கிறார். காமெடியில் அரை நொடி முந்தினாலும் போச்சு. ஹோட்டல் சர்வர் மேனுவல், ஸ்பெயின்காரன், பேசுவது புரியவில்லையே என்று போடாதே. அவன் பேசுவது புரியக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆட்கள் ஹோட்டலுக்குள் இருக்கும்போது படம் பளிச்சென்று இருக்கும், வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் சட்டென்று மங்கிப் புள்ளி புள்ளியாகிவிடும். டிவி கெட்டுவிட்டது என்று நினைக்காதே. உள்ளே நடப்பதெல்லாம் ஸ்டுடியோவில் வீடியோ டேப்பில் எடுத்தது, வெளியே நடப்பது 16 மில்லிமீட்டர் ஃபிலிம். அந்தக் காலத்து பிபிசி காமெடி பெரும்பாலும் இப்படித்தான். வெளிக்காட்சியை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு மானிட்டரில் போட்டுக் காட்டி, அவர்கள் சிரிப்பதைப் பதிவு செய்தார்கள். டப்பாவிலிருந்து எடுத்து ஒட்டிய சிரிப்பு இல்லை. கூர்ந்து கேட்டால் ஒருத்தர் தாமதமாகச் சிரிப்பதுகூடக் கேட்கும்.

சாப்பிட்டுவிட்டுப் பார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காதே.

ஃபால்டி டவர்ஸில் ஆரம்பி. மொத்தமே 12 எபிசோடுதான். முதல் வரிசை 1975-ல் ஆறு, இரண்டாவது வரிசை 1979-ல் ஆறு, முடித்துவிட்டார்கள். ஒரு ராத்திரிக்கு ஒன்று போதும். உங்கள் தலைமுறை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விடியற்காலையில் படுக்கப் போகிறது. இது அப்படிப் பார்க்கிற சரக்கு இல்லை. சாதாரண அரை மணி நேர காமெடிக்கு எழுதுகிற பக்கங்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒவ்வொரு எபிசோடுக்கும் எழுதினார்கள். இரண்டு சேர்ந்தாற்போல் பார்த்தால் இரண்டாவதில் பாதி உன் தலையில் ஏறாது.

நீ இருக்கிற எக்ஸிடரிலிருந்து டார்க்கீ பக்கம்தானே என்று கிளம்பிவிடாதே. கதையில்தான் ஹோட்டல் டார்க்கீயில் இருக்கிறது. நீ திரையில் பார்க்கிற கட்டடம் பக்கிங்ஹாம்ஷரில் இருந்த வூபர்ன் கிரேஞ்ச் என்ற கிளப், தீப்பிடித்து, பிறகு இடித்தே விட்டார்கள். டார்க்கீயில் நிஜமாக இருந்தது கிளெனீகிள்ஸ் ஹோட்டல். 1970-ல் கிளீஸ் இருந்த மான்டி பைத்தான் காமெடிக் குழு அங்கே போய்த் தங்கியது. முதலாளி டொனால்ட் சின்கிளேர், குழுவிலிருந்த டெரி கில்லியம் முள்கரண்டி பிடிக்கிற விதத்தைக் குறை சொன்னார். எரிக் ஐடிலின் பெட்டிக்குள் கடிகாரம் டிக்டிக் என்றதைக் கேட்டு வெடிகுண்டு என்று வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார். மற்றவர்கள் வேறு ஹோட்டலுக்குப் போய்விட, கிளீஸ் மட்டும் அங்கேயே தங்கினார், அவர் மனைவி கானி பூத்தும் வந்து சேர்ந்தார். பேசில் அப்படிப் பிறந்தவன்தான். அந்த ஹோட்டலும் இப்போது இல்லை, முதியோர் குடியிருப்பு கட்டி, மேனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் ரயிலுக்காகவே ஒரு நாள் போய் வரலாம், டாலிஷ் பக்கம் தண்டவாளம் கடலை ஒட்டிப் போகிறது. போகும்போது இடது பக்க ஜன்னல். தனியாகப் போகாதே.

எதிலிருந்து தொடங்குவது? முதல் எபிசோடு நல்லதுதான், ஆனால் ஆட்களை அறிமுகப்படுத்தவே நேரம் போகிறது. நீ இரண்டாவது வரிசையின் முதல் எபிசோடைப் போடு, ‘கம்யூனிகேஷன் ப்ராப்ளம்ஸ்’. காது கேட்காத மிஸஸ் ரிச்சர்ட்ஸ் ஒருத்தி வருவாள். ஜோன் சாண்டர்சன் நடித்தது. காதில் மெஷின் இருக்கிறது, பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதைப் போடுவதே இல்லை. பேசில் என்ன செய்கிறான் தெரியுமா? சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைக்கிறான். அவள் மெஷினை ஏற்றிக்கொண்டே போகிறாள். முழுக்க ஏற்றியதும் கத்துகிறான். இதைப் பார்க்கிற எல்லாரும் கத்தலுக்குத்தான் சிரிப்பார்கள். நீ அவள் கையைப் பார்.

அந்தக் கதையின் அடியில் இருப்பது ஒரு சின்னச் சங்கதி. பேசில் குதிரைப் பந்தயத்தில் 75 பவுண்டு ஜெயித்துவிட்டான், பெண்டாட்டி சிபிலுக்குத் தெரியக் கூடாது. மிஸஸ் ரிச்சர்ட்ஸுக்கு 85 பவுண்டு காணாமல் போய்விட்டது. இவன் கையில் இருக்கிற பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. அதனால் ஹோட்டலில் வேலை செய்கிற பாலியைப் பொய் சொல்லவைக்கிறான், மேனுவலுக்கு ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று பாடம் சொல்லிக்கொடுக்கிறான், ஹோட்டலிலேயே தங்கியிருக்கிற வயசான மேஜரிடம் பணத்தைக் கொடுத்துவைக்கிறான், மேஜருக்குக் காலையில் நடந்தது சாயங்காலம் ஞாபகம் இருக்காது. பெண்டாட்டியிடம் ‘ஜெயித்தேன், இதோ’ என்று சொல்லியிருந்தால் ஐந்தாவது நிமிஷத்தில் கதை முடிந்திருக்கும். 12 எபிசோடில் முக்கால்வாசி இதே மாதிரிதான் ஓடும், எடுத்துக்கொள்கிற ரகசியம்தான் வேறு. மறைப்பது பெரிதாக இருக்கவே கூடாது, பெரிதாக இருந்தால் நாம் பயந்துவிடுவோம், சிரிக்க மாட்டோம். நீ நன்றாகப் படித்தவன், உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அடுத்தது ‘கூர்மே நைட்’. ஆண்டிபட்டிவரை நம் பழைய காரை அப்பா திட்டிக்கொண்டே ஓட்டியது ஞாபகம் இருக்கிறதல்லவா, அதை நினைத்துக்கொண்டு பார். கார் நின்றுவிடுகிறது. பேசில் காருக்கு எச்சரிக்கை கொடுத்து, மூன்று எண்ணி, பிறகு ஓடிப்போகிறான். கேமரா அவன் பின்னால் போகவில்லை. சும்மா நிற்கிற காரையே காட்டிக்கொண்டிருக்கிறது. அவன் ஒரு மரக்கிளையோடு திரும்பி வந்து அடிக்கிறான். அந்தக் காலி இடம்தான் சிரிப்பு. கிளை ஒடிப்பதைக் காட்டியிருந்தால் ஒன்றுமே இல்லை. கிளையும் சரியாக அமைய வேண்டும், ரொம்ப விறைப்பாக இருந்தால் அடி பார்க்கக் கொடூரமாகிவிடும், தொய்வாக இருந்தால் அடித்த மாதிரியே இருக்காது.

மேனுவலை அடிக்கிற காட்சிகளில் எனக்கு எப்போதும் கொஞ்சம் சங்கடம் உண்டு. சாக்ஸுக்கு நிஜமாகவே பட்டிருக்கிறது. ‘வெடிங் பார்ட்டி’யில் ரப்பர் பாத்திரத்துக்குப் பதில் நிஜப் பாத்திரம் தலையில் விழுந்தது. ‘ஜெர்மன்ஸ்’ எபிசோடில் புகை வருவதற்காகச் சட்டையில் தடவிய மருந்து அவர் கையைச் சுட்டுவிட்டது. அதற்குமேல் அந்த மனுஷன் பெர்லினில் பிறந்தவர், ஸ்பெயின்காரனாக நடித்தார். ஹோட்டல் பெயர்ப்பலகையில் எழுத்துகள் இடம் மாறி மாறி வரும், அதையும் கவனி. ஒன்றிரண்டு அம்மாவோடு உட்கார்ந்து படிக்கக் கூடாத வார்த்தை. அதனால்தான் தனியாகப் பார் என்கிறேன். தனியாக என்றால் நான் இல்லாமல் என்று அர்த்தம்.

‘ஆனிவர்சரி’யை முதலிலேயே போட்டுவிடாதே. கடைசியில் வைத்துக்கொள். அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் என்று வைத்துக்கொள்.

கல்யாண நாள், 15 வருஷம். பேசில் மறந்தவன் மாதிரி நடிக்கிறான். ரகசியமாக விருந்துக்கு ஆட்களை அழைத்திருக்கிறான், திடீரென்று சந்தோஷப்படுத்தலாம் என்று. சிபில் நிஜமாகவே மறந்துவிட்டான் என்று கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இவன் அவளைப் பிடிப்பதற்குள் சிநேகிதர்கள் வந்து நிற்கிறார்கள். இந்தக் கதையில் பேசில் கெட்டவன் இல்லை தம்பி. மற்ற எபிசோடுகளில் கஞ்சத்தனம், பெரியமனுஷ ஆசை என்று ஏதாவது இருக்கும். இதில் நல்லது செய்யப் போய்த்தான் மாட்டிக்கொள்கிறான்.

வந்தவர்களிடம் சிபிலுக்கு உடம்பு சரியில்லை என்கிறான். அது ஒரு பொய். மேலே போய்ப் பார்க்கிறோம் என்கிறார்கள். குரல் போய்விட்டது, பேச முடியாது, முகம் வீங்கியிருக்கிறது என்று அடுக்குகிறான். வந்தவர்களில் ஒருத்தி நர்ஸ். அவளிடம் வியாதி சொல்லித் தப்பிக்க முடியுமா? வியாதியைச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆகிறது. கடைசியில் பாலிக்கு சிபிலின் முடி மாதிரி டோப்பா வைத்து, திரையை இழுத்து அறையை இருட்டாக்கிப் படுக்கவைக்கிறான். அந்த நேரம் பார்த்து நிஜ சிபில் கீழே வந்து நிற்கிறாள். என்ன செய்வான்? இவள் வேறு யாரோ, சிபில் ஜாடையில் இருக்கிறாள் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லி, சொந்தப் பெண்டாட்டியைச் சமையலறை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டுகிறான். கட்டுமானத்தைக் கவனி. ஒவ்வொரு பொய்யும் முந்தைய பொய்யைத் தாங்குவதற்காகத்தான் வருகிறது, ஒன்றுகூடச் சும்மா வரவில்லை. சமையலறையில் மேனுவலும் சமையல்காரனும் போடுகிற சண்டையை நடுநடுவே வெட்டிக் காட்டுவதும் காரணமாகத்தான். மாடியையே காட்டிக்கொண்டிருந்தால் நமக்கு மூச்சு முட்டிவிடும்.

வாசலிலேயே ‘சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? கொஞ்சம் ‘ஐயோ பாவம்’ என்றிருப்பார்கள். உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். யாரும் அவனைக் கேவலமாக நினைத்திருக்க மாட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் வேண்டியவர்கள்தானே.

இதை எழுதியவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கதையையும் கிளீஸும் கானி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். பாலியாக நடிப்பதும் அந்த கானி பூத்தான். 1968-ல் கல்யாணம். 1978-ல் விவாகரத்து. இரண்டாவது வரிசை வந்தது 1979-ல். பிரிந்தபிறகும் சேர்ந்து எழுதி, நடித்து, முடித்துக்கொடுத்தார்கள். திரையில் தேடிப் பார், ஒரு இடத்திலும் தெரியாது. முதல் ஆறைவிட இரண்டாவது ஆறு இறுக்கமாக இருக்கிறது என்பதுதான் என் கட்சி. பெரியவர்களுக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை.

அப்பா யெஸ் மினிஸ்டரைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார், மந்திரியும் அதிகாரியும் மோதுகிற காமெடி. கோப்பு தள்ளியவருக்கு அதுதான் சுவை. நைஜல் ஹாதோர்ன் மூச்சு விடாமல் பேசுகிற நீள வாக்கியங்களுக்காகப் பார்க்கலாம். அது மூளைக்கு, ராத்திரிக்கு இல்லை. உன் மெசேஜை அப்பாவிடம் நான் காட்டவில்லை.

ஃபால்டி முடிந்ததும் டேட்ஸ் ஆர்மி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஊர்க்காவல் படையைப் பற்றியது. 1968-லிருந்து 1977 வரை, 80 எபிசோடு. முதல் இரண்டு வரிசை கறுப்பு வெள்ளை. இரண்டாவது வரிசையில் மூன்று இப்போது இல்லவே இல்லை, டேப் விலை அதிகம் என்று பழையதன்மேலேயே புதியதைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆர்தர் லோ, கேப்டன் மெயின்வாரிங்காக. ஊரையே அதட்டுகிற அந்த மனுஷனுக்கு எலிசபெத் என்று ஒரு மனைவி. 80 எபிசோடிலும் அந்த அம்மாவின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். போன் வரும், இவர் குரல் தாழ்ந்துவிடும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை மேல்படுக்கை பாரத்தில் தொய்ந்து தொங்குவது மட்டும் தெரியும். டிவியில் அது நல்ல தமாஷ். வீடியோ காலில் எனக்கு அப்படி இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் பார் என்று சொன்னேன் அல்லவா, ரொட்டி தின்பது சாப்பாடு ஆகாது. நீ பதவி உயர்வு வாங்கியதை மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எங்களுக்கு மட்டும் மூன்றாம் மனுஷர் மூலமாகத்தான் தெரிய வேண்டுமா?

எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, சுதாவுக்குப் பிடித்த அரிசி வடகம் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். வடகம் அவளுக்குத்தான், நீ தொடமாட்டாய். கூரியர்காரர் எடைக்குத்தான் காசு வாங்குகிறார். புதன்கிழமைக்குள் எழுது, பார்சல் ஒரு முகவரிக்கா, இரண்டு முகவரிக்கா என்று மட்டும் சொல். இரண்டு என்றால் பிரித்துக் கட்ட எனக்கு அரை மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
அம்மா