என்னைத் தூங்க வைத்தவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும், ஆஸ்பத்திரி வார்டில் என்னைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

என் உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களின் கையைப் பிடித்து நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் பைபாஸ் நடந்தது, இதயக் குழாயில் அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி வைக்கிற ஆபரேஷன். அந்த அட்டை இல்லையென்றால் இருக்கிற வீட்டை விற்றிருப்போம். இந்த மடல் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. ஆபரேஷன் அன்று மயக்கத்தில் இருந்தேன், ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரியில் கண்ணை மூடுவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. அந்தத் தூக்கத்தை ஆளுக்குக் கொஞ்சமாக எனக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் நீங்கள். மற்றவர் என்ன செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த ஆபரேஷனில் நடு நெஞ்செலும்பை மேலிருந்து கீழ்வரை அறுத்துத் திறக்கிறார்கள். முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். கம்பி உள்ளேயே இருக்கும். எலும்பு ஒட்டிக்கொள்ள 6 முதல் 8 வாரம், நன்றாக இறுக மூன்று மாதம் வரைகூட ஆகும் என்றார்கள். அதுவரை குப்புறப் படுக்கக் கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. முதுகையும் தலையையும் உயர்த்தி மல்லாந்துதான் படுக்க வேண்டும். நானோ தரையில் பாய் விரித்து ஒருக்களித்தே படுத்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் கட்டிலே கிடையாது.

கட்டில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் வீட்டுப் பாட்டி அதைக் கொடுத்துவிட்டுத் தானே பாயில் படுத்தார். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம். நடுராத்திரியில் ஒன்று சரியும், கழுத்து மடங்கும், தையல் சுரீரென்று இழுக்கும். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நூலை எடுத்து என் இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை பிடித்தார். மறுநாள் காலையில் இரண்டரை அடி நீளச் சாய்வுப் பலகையோடு வந்தார். தலைப்பக்கம் ஒன்றேகால் அடி உயரம். அதுதான் சிஸ்டர் சொன்ன 30 டிகிரி. ஈஸி சேரில் இருக்கிற மாதிரி பின்னால் மூன்று வெட்டுகள் வைத்திருந்தார், உடம்பு தேறத் தேற ஒவ்வொரு வெட்டாக இறக்கிக்கொள்ளலாம் என்று. விளிம்பு முழுவதும் உப்புத்தாள் போட்டு உருட்டியிருந்தார், துணியில் சிலாம்பு ஏறக் கூடாதென்று. காசு கேட்கவே இல்லை. அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டோம். கீழே வழுக்காமலிருக்கத் தொடைக்கடியில் போர்வையைச் சுருட்டி வைத்தோம். இரண்டு கைக்கடியிலும் ஒவ்வொரு தலையணை. கை தொங்கினால் தோள்பட்டை நெஞ்சை இழுக்கும், அதற்காக. இதயத்தில் மாற்றுவழி வைக்க ரத்தக்குழாய் எடுத்த கால் வீங்கியிருந்ததால் அதற்கும் ஒன்று. அண்ணே, அன்று ராத்திரிதான் ஆபரேஷனுக்குப் பிறகு நான் முதன்முதலாக அசந்து தூங்கினேன்.

பிசியோதெரபி தம்பிக்கு அடுத்த நன்றி. யாராவது எழுந்திருக்கத் தடுமாறினால் நாம் எல்லோரும் என்ன செய்வோம்? "கையைக் குடு" என்று பிடித்து இழுப்போம். இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு அதுதான் ஆகாது. கையை இழுத்தால் கட்டின எலும்பு அசையும். தம்பி என் மருமகளுக்குப் பழக்கினார்: முதலில் முட்டியை மடக்கு, தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள், தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும், காலைக் கீழே விடு, பின்னாலிருந்து ஒருவர் முதுகைத் தாங்கட்டும். இருமல் வந்தாலும் அதே தலையணைதான், இறுக்கிக் கட்டிக்கொண்டு இருமணும். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் மருமகள் இதைச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட "ஆயா, கையைப் புடிக்க மாட்டேன், முதுகைத்தான் புடிப்பேன்" என்கிறது.

பெண்கள் வெளியே பேசத் தயங்குகிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இனி இந்த ஆபரேஷனுக்குப் போகிற இன்னொரு பெண்ணுக்கு உதவட்டும். மார்பின் கனம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும். படுக்கையில் புரளும்போது இன்னும் அதிகம். முன்பக்கம் திறக்கிற, கம்பி வைக்காத பருத்தி உள்ளாடையை ராத்திரியிலும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எம்.சி. ரோட்டில் தேடி வாங்கினால் கொக்கி சரியாகத் தையல்மேலேயே வந்து உட்கார்ந்தது. தையல்கார அக்கா பழைய வேட்டித் துணியில் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். கொக்கியை இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளி வைத்து, உள்ளே ஒரு மடிப்புத் துணியும் கொடுத்தார். அக்கா, மகராசியாக இருங்கள்.

வார்டு சிஸ்டர் சொல்லி அனுப்பியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வலி மாத்திரையைத் தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் போடு. சிறுநீர் நன்றாகப் பிரியக் கொடுத்த நீர் மாத்திரை காலையில்தான். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். காய்ச்சல், தையலில் நீர் கசிவது, நெஞ்செலும்பு கடகடப்பது, படுத்தால் மூச்சு முட்டுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வா. "வலியைப் பொறுத்துக்கிட்டா மூச்சை நல்லா இழுக்க மாட்டீங்க, சளி கட்டிக்கும்" என்று சிஸ்டர் அதட்டியது எனக்குப் பெரிய உபகாரம்.

உடம்பு வசப்பட்டபின் பயம் பிடித்துக்கொண்டது. அமைதியாகப் படுத்தால் இதயத் துடிப்பு காதுக்குள் கேட்கும். கண்ணை மூடினால் கெட்ட கனவு. அப்போதுதான் மீன்கார அக்கா வந்தார். காசிமேட்டு ஏலத்துக்கு நடுச்சாமத்திலேயே கிளம்புகிறவர். என் ஜன்னலில் விளக்கைப் பார்த்து நின்றார். "இன்னாம்மே, முழிச்சிக்கினு கீறியா?" சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இங்க காதை வை" என்றார். அவருக்கு இதயத்தில் உலோக வால்வு. டிக் டிக்கென்று கேட்டது. "மொதல்ல இந்தச் சத்தத்துக்கு நானும்தான் பயந்தேன். இப்போ இது கேட்டாத்தான் தூக்கமே வருது. கெனா வரும், ரெண்டு மாசத்துல போயிடும்" என்றார். அதன்பிறகு ஏலத்துக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலைத் தட்டாமல் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார் என்று மருமகள் சொல்லித்தான் தெரியும். அக்கா சொன்னபடியே கனவு மெல்ல மெல்ல நின்றது.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் சாயங்காலத்தில் வந்து உட்காருவார். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் அங்கேதான் நடந்தது என்றும், செய்தவர் டாக்டர் கே. எம். செரியன் என்றும் அவர்தான் சொன்னார். "நம்ம வடசென்னையில ஆரம்பிச்ச வைத்தியம்மா இது. பயப்படாம படு." செரியன் அவர்கள் 2025 ஜனவரியில் மறைந்துவிட்டார். கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவருக்கும் என் வணக்கம்.

அம்மன் கோயில் தம்பிகளே, உங்களை மறப்பேனா? ஆடித் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தினால் சட்டத்துக்குப் போதும். நீங்கள் எட்டரைக்கே நிறுத்தினீர்கள். எங்கள் வீட்டைப் பார்த்திருந்த ஸ்பீக்கர் குழாயைக் கழற்றி மெயின் ரோடு பக்கம் திருப்பினீர்கள். உப்புப் போடாத கூழை எனக்கென்று தனிச் செம்பில் எடுத்து வந்தீர்கள். அம்மனுக்கு அதில் ஒரு குறையும் வந்திருக்காது, உறுதியாகச் சொல்கிறேன்.

கரண்ட் போன ராத்திரிகளில் இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து மின்விசிறி ஓட விட்ட மாடி வீட்டாருக்கும், மதியம் வந்து நான் தூங்குகிறேன் என்று கேட்டு வாசலோடு திரும்பிய உறவுகளுக்கும் நன்றி.

போன செக்கப்பில் டாக்டர் நெஞ்செலும்பை அழுத்திப் பார்த்துவிட்டு ஒருக்களித்துப் படுக்கலாம் என்றார். அதனால் சாய்வுப் பலகையும் தலையணைகளும் இப்போது ஆசாரி அண்ணன் பட்டறையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே வந்து எடுத்துப் போங்கள். இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை அளவு எடுத்து வாருங்கள். ஆளுக்குத் தகுந்தபடி அறுத்தோ ஒட்டுப் போட்டோ தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் சத்துணவு டீச்சர்