விமானி தேர்வுக்குத் தமிழில் ஒரு கைநூல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்ததிலிருந்து, எங்கள் கரையோர ஊர்களில் விமானி ஆவதைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளத்திலிருந்து கிளம்பும் விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவதில் வியப்பில்லை. விசாரித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, கடைசியா மேல கூட்டிட்டுப் போயி ஒரு டெஸ்ட் வைப்பாங்களாமே, அது கஷ்டமாண்ணே?" தனியார் விமானி உரிமத்துக்கான அந்தச் செய்முறைத் தேர்வில் முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். இது பிழைப்புக்கான உரிமம் அன்று. இதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கோ வாடகைக்கோ விமானம் ஓட்ட முடியாது. விண்ணப்பிக்க 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவச் சான்றும் எழுத்துத் தேர்வும் உண்டு. குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குள், தனியாகவே 150 கடல் மைலுக்குக் குறையாமல் சென்று, வழியில் வேறு வேறு இரண்டு ஓடுதளங்களில் இறங்கி ஏறிய ஒரு பயணமும் அடங்கியிருக்க வேண்டும். '40 மணி நேரத்தில் விமானி' என்று சில விளம்பரங்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அது கீழ்வரம்பு என்பதை விளம்பரம் சொல்லாது. தேர்வுக்குப் போன அன்று என் பறத்தல் ஏட்டில் 61 மணி நேரம் இருந்தது, அப்படியும் தவறினேன்.

தேர்வு தரையிலேயே தொடங்கிவிடுகிறது. தேர்வு அதிகாரி என்னோடு விமானத்தைச் சுற்றி நடந்துவந்தார். இறக்கையின் அடியில் உள்ள வடிகாலிலிருந்து எரிபொருளைச் சிறு குவளையில் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். விமானப் பெட்ரோலுக்கே உரிய இளநீல நிறத்துக்கு அடியில், மிளகளவில் ஒரு குமிழ் நிறமில்லாமல் உருண்டுகொண்டிருந்தது. தண்ணீர் என்றேன். எப்படி வந்தது என்று கேட்டார். பயிற்சி நிலையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் தாளிலிருந்து மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் ஒன்றை ஒப்பித்தேன். "தாளில் உள்ளது இருக்கட்டும், டேங்குக்குள் மழையா பெய்தது?" என்றார். அப்போதுதான் அப்பாவின் வள்ளம் நினைவுக்கு வந்தது. பாதி காலியாகக் கிடக்கும் டீசல் டேங்க் இராக் குளிருக்கு உள்ளே வேர்த்துவிடும் என்பதால், அவர் விடியற்காலையில் பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தண்ணீர் வடிந்த பிறகே எஞ்சினைக் கிளப்புவார். அதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, இறக்கையை அசைத்துவிட்டு மறுபடி பிடித்துப் பார்ப்பேன், சுத்தமாக வரும்வரை ஏறமாட்டேன் என்றும் சொன்னேன். அந்தப் பகுதியை அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

'ஸ்டால்' என்ற சொல் படுத்தும் பாட்டையும் சொல்ல வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது எஞ்சின் நின்றுபோவது. விமானத்தில் அதற்கும் எஞ்சினுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. எதிர்வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் ஓர் அளவுக்கு மேல், பொதுவாக 15 டிகிரியை ஒட்டி, கூடிவிட்டால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவி ஓடும் காற்று பிய்ந்து, தூக்கும் விசை சரிந்துவிடுகிறது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கும். எஞ்சின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பவனின் கை, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியான திராட்டிலைத் தேடி ஓடுமே தவிர, முதலில் செய்ய வேண்டியபடி மூக்கைத் தாழ்த்தி அந்தக் கோணத்தைக் குறைக்காது. என்னோடு படித்த ஒருவர் 30 மணி நேரம் பறந்த பிறகும் இதைத் தவறாகவே புரிந்துவைத்திருந்தார். ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டால் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லுவார்.

அடுத்தது, அதிகாரி திடீரென்று திராட்டிலை இழுத்துவிட்டு, எஞ்சின் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கட்டம். நான் ஓட்டியது செஸ்னா 172 எஸ். அதற்கு வேகத்தை 68 நாட், அதாவது மணிக்கு 68 கடல் மைல், அளவில் நிறுத்தினால்தான் மிதந்து அதிக தூரம் போக முடியும். அதை நிறுத்தியவுடன் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, எதிர்க்காற்றில் இறங்க ஒரு வெளியைத் தேட வேண்டும். தொலைவில் ஒரு வயல்காட்டில் புகை சாய்ந்துகொண்டிருந்தது, அது போதுமானதாக இருந்தது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊரில் பிறந்து, கரிமூட்டப் புகை சாயும் பக்கத்தைப் பார்த்தே காற்று திரும்பியதைச் சொல்லும் மனிதர்களோடு வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தவறியது கடைசி இறக்கத்தில். உயரம் கூடுதலாகவும் வேகம் கூடுதலாகவும் ஓடுதளத்தின் மேல் வந்துவிட்டேன். விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போனது, குறித்த இடத்தைத் தாண்டி வெகு தூரம் சென்ற பிறகு, வலுக்கட்டாயமாகத் தரையில் வைத்துப் பிரேக்கை மிதித்தேன். ஏன் விட்டுவிட்டு மறுபடி ஏறவில்லை என்று அதிகாரி கேட்டார். இறங்காமல் ஏறினால் மதிப்பெண் போய்விடும் என்று நினைத்தேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளில் எழுதிக்கொண்டார். சரியாக அமையாத இறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறுவது நல்ல தீர்மானமாகவே எண்ணப்படும் என்பதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அந்த ஜெராக்ஸ் தாளிலும் அது இல்லை. வெட்கம் என்னவென்றால், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது. மண்டபத்தில் நின்ற வண்டிக்குள் எத்தனையோ முறை காத்துக் கிடந்திருக்கிறேன், ஓட்டுநருக்குத் திறமை போதவில்லை என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. மேலும் சில மணி நேரம் பயிற்சி எடுத்து இரண்டாம் முறை போனபோது, பக்கக்காற்றில் முதல் இறக்கம் கோணலானது. விட்டுவிட்டு ஏறினேன், சுற்றி வந்து இறங்கினேன், தேறினேன்.

அமெரிக்காவில் இந்தத் தேர்வின் அளவுகோல்களை அரசே வெளியிடுகிறது, யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். 2016 முதல் நடப்பில் இருக்கும் அந்த ஆவணத்தில், 45 டிகிரி சாய்வில் திரும்பும்போது உயரம் 100 அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது வரை எழுதியிருக்கிறது. வானிலை கெட்டுத் தேர்வு பாதியில் நின்றால் அது தோல்வியாகாது, மீதியை இன்னொரு நாள் முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதியிலும் கைப்பழக்கத்தோடு, அறிவையும் ஆபத்தை எடைபோடும் திறனையும் தனித்தனியே சோதிக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வானொலியில் பேசுவது ஆங்கிலத்தில்தான், அதை மாற்றச் சொல்லவில்லை. அதிகாரி எதற்காக ஒன்றைக் கேட்கிறார், சரியான பதிலுக்கு உள்ளே இருக்கும் காரணம் என்ன என்பதைத் தமிழில் சொல்லும் ஒரு கைநூலைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிட வேண்டும். நான் படித்த காலத்தில் அப்படி ஒன்று என் கைக்கு அகப்படவில்லை. கலைச்சொல் ஆக்குகிறோம் என்று ஸ்டாலுக்கு நாலு புதுப் பெயர் வைக்க வேண்டாம். ஸ்டால் என்றே எழுதி, அது என்ன என்று நாலு வரியில் விளங்கச் சொன்னால் போதும். வெளியூர்ப் பயிற்சிக்கு மணிக்கணக்கில் பணம் கட்டும் பிள்ளைகள், தரையிலேயே விளங்கிக்கொள்ளக்கூடியதை வானத்தில் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

அந்த நூல் வரும்வரை, தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கேள்வியாக இதைத் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். இரண்டு தேர்வுகளிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும், தவறானவை உட்பட, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.