திருவிழாவுக்கு முன் சுரூபங்களுக்குப் பெயிண்ட் அடிக்கத் திட்டமிடும் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் உள்ள பங்குத்தந்தையர்களுக்கும், பங்கு மன்றத்தாருக்கும், திருவிழாக் குழுவினருக்கும்,

சேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

ஜூன் 13 அந்தோனியார், ஜூலை 26 அன்னம்மாள், செப்டம்பர் 8 மாதா என்று திருவிழாக்கள் வரிசைகட்டும்போது, "சுரூபம் மங்கிக் கிடக்கிறது, ஒரு கோட்டிங் அடித்துவிடலாம்" என்ற பேச்சும் கூடவே எழுகிறது. பக்தியில் எழும் பேச்சுதான். ஆனாலும் கேட்டுக்கொள்கிறோம்: இந்த ஆண்டு அந்த எனாமல் டின்னை வாங்காதீர்கள்.

நம் கோவில்களில் இருக்கும் பழைய சுரூபங்களில் பல, பிளாஸ்டர் வார்ப்புகள். உள்ளே வெறும் கூடு. பிளாஸ்டரோடு நார் கலந்திருக்கும். கைக்கும் விரலுக்கும் இரும்புக் கம்பி ஓடும். அதன்மேல் மெல்லிய எண்ணெய் வர்ணம், அங்கியின் ஓரத்தில் தங்க ரேக்கு. சில சுரூபங்களுக்குக் கண்ணாடிக் கண்கள் பதித்திருப்பார்கள். அடிப்பீடத்தின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் செய்த பட்டறையின் முத்திரைகூடக் கிடைக்கலாம்.

பிளாஸ்டருக்கு ஈரம் ஆகாது. அது தண்ணீரில் கரையும். லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம்தான் என்றாலும், ஆண்டுதோறும் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் மூக்கு நுனியும் விரல் நகமும் மழுங்கிப் போகும். எனாமலோ வேறு விதமாகக் கெடுக்கிறது. சுவரிலிருந்தும் அடிப்பீடத்திலிருந்தும் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டுக்கு அடியில் தங்கிவிடும். உப்பு பூத்து, பெயிண்ட் கொப்புளித்து உரியும்போது, பழைய வர்ணத்தையும் கையோடு பெயர்த்துக்கொண்டு வரும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பல மடங்கு பருக்கும்; மணிக்கட்டில் நேர்கோடாக ஒரு விரிசல் ஓடினால் காரணம் அநேகமாக அதுதான். அந்த விரிசலைச் சிமெண்டால் அடைப்பது எல்லாவற்றிலும் மோசம். சிமெண்ட் பிளாஸ்டரைவிடக் கடினம், உப்பையும் கொண்டுவருகிறது. ஒருநாள் அது விழும்போது விரலும் சேர்ந்து விழும்.

உதிர்ந்து கிடக்கும் ஒரு சில்லை எடுத்து, அதன் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். மேலே பளபளக்கும் ரோஸ், அதன் கீழே வெள்ளை, மறுபடி ரோஸ், பிறகு ஒரு பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் முடியளவு மெல்லிசாக ஒரு நிறம் தெரியும். செய்தவர் தீட்டியது அதுதான். மேலே ஏறிய ஒவ்வொரு பூச்சும் இமையின் விளிம்பையும் உதட்டுக் கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடியிருக்கிறது. மாதாவின் முகம் பொம்மை முகமாகத் தெரிவதற்குச் சிற்பி காரணமல்ல. அதற்காகப் பெயிண்ட் ரிமூவரையோ உப்புத்தாளையோ கையில் எடுத்துவிடாதீர்கள். அடியில் இருப்பதும் போய்விடும்.

இதில் சட்டமும் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189-ஆம் எண், பழமையாலோ கலையாலோ மக்களின் வணக்கத்தாலோ சிறப்புப் பெற்ற சுரூபங்களை மறைமாவட்ட அதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றிச் சீரமைக்கவே கூடாது என்கிறது. அனுமதி தருமுன் அவர் வல்லுநர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். மக்கள் மிகுந்த பக்தி வைத்திருக்கும் சுரூபத்தை வேறிடத்துக்கு நிரந்தரமாக மாற்ற, 1190-ஆம் எண்படி ரோமையின் அனுமதியே வேண்டும். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின், பாரம்பரியப் பகுதியில் கட்டடச் சுவரைத் தொட மாநகர் மன்றத்தைக் கேட்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே நிற்கும் சுரூபத்துக்கு மட்டும் ஹார்ட்வேர் கடைக்குப் போய்வந்தால் போதும் என்று நினைக்கிறோம். இது மாற வேண்டும்.

ஏர்கோன் பற்றியும் சொல்லியாக வேண்டும். பினாங்கில் வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் நாளில், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று பட்டால் நீர் அரும்பும். பூசை நேரம் முழுக்க 22 டிகிரியில் வைத்துவிட்டு, முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்தால் சுரூபத்துக்கும் பளிங்குப் பீடத்துக்கும் வியர்க்கிறது. வாரத்துக்கு எத்தனை பூசையோ அத்தனை முறை. 25, 26 டிகிரி போதும். கடைசிப் பாடலுக்குச் சற்று முன்பே ஏர்கோனை அடைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, கதவுகளை ஒவ்வொன்றாகத் திறவுங்கள். குளிர்காற்று எந்தச் சுரூபத்தின் மீதும் நேராக விழக்கூடாது. மரச் சுரூபம் என்றால் வெடித்துவிடும். சுவருக்கும் சுரூபத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

சரி, திருவிழாவுக்கு என்னதான் செய்வது? தூசி தட்டுங்கள். மெல்லிய ஆட்டுமுடிப் பிரஷ், மேலிருந்து கீழே. தூசியை உறிஞ்ச, வாயில் வலைத்துணி கட்டிய வாக்குவம், அதுவும் சுரூபத்தைத் தொடாமல். தங்க ரேக்கு உள்ள இடத்தைத் தொடவே வேண்டாம். உதிரும் வர்ணம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, விழுந்த சில்லுகளை ஓர் உறையில் போட்டு, எந்த இடத்தில் விழுந்தது என்று மேலே எழுதி வையுங்கள். தெரிந்த கையில் கொடுத்தால், அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் கொண்டு ஒட்டி, விட்டுப்போன இடத்தை மட்டும் நிரப்பி நிறம் தொட முடியும். பின்னால் வேண்டாம் என்றால் அதைக் கரைத்தும் எடுக்கலாம். எனாமலை அப்படி எடுக்க முடியாது.

மாலை போடாமல் நம்மால் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். நீர் தெளித்த மல்லிகை மாலையைச் சுரூபத்தின் கழுத்தில் நேராகப் போடாமல், பின்னால் நிற்கும் ஒரு தாங்கியில் தொங்கவிடுங்கள். மாலைக்குள் கம்பி வேண்டாம். மெழுகுவர்த்தித் தட்டு ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், புகைக்கரி முகத்தில்தான் படிகிறது. தேருக்கு ஃபைபர் சுரூபம் ஒன்று செய்துவையுங்கள், பழையது பீடத்திலேயே இருக்கட்டும். பழையதைத்தான் ஏற்ற வேண்டுமென்றால் கழுத்திலும் கையிலும் கயிறு கட்டாமல், அடிப்பீடத்தைப் பலகையில் பொருத்தி, ஃபெல்ட் துணி வைத்த அகலப் பட்டையால் இடுப்புக்குக் கீழே கட்டுங்கள்.

பூசைப் பாத்திரங்களையும் உடுப்புகளையும் வைக்கும் அறையான சக்ரீஸ்தில் வேலை செய்வோருக்கு ஒரு வார்த்தை: பித்தளை பாலிஷ் குத்துவிளக்கோடு நிற்கட்டும். இரசக் கிண்ணத்தின் உள்முலாம் மிக மெல்லியது, அதைத் தேய்த்தால் தேய்ந்தே போகும். மரச் சுரூபத்தின் அடியில் மணல்போல் ஆறு பட்டை கொண்ட துகள்கள் தெரிந்தால் அது கரையான். மண்ணெண்ணெய் ஊற்றாமல், பிளாஸ்டிக்கில் சுற்றித் தனியே வைத்து ஆள் கூப்பிடுங்கள்.

அடுத்த பங்கு மன்றக் கூட்டத்தில் ஒரு பதிவேடு திறக்கும்படி கேட்கிறோம். அதே திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1283-ஆம் எண் கேட்கும் சொத்துப் பட்டியலிலேயே இது அடங்கும். ஒவ்வொரு சுரூபத்துக்கும் நான்கு பக்கமும் படம், பக்கத்தில் ஓர் அடிக்கோல், உயரம், பொருள், முத்திரை, விரிசல் எங்கே, யார் எந்த ஆண்டு கொடுத்தது. மூத்த பங்கு மக்களிடம் கேட்டால் பழைய முதல் நன்மைப் படங்களும் கல்யாணப் படங்களும் வரும். பின்னணியில் நிற்கும் சுரூபத்தின் நிறத்தை அவற்றில் பார்க்கலாம். அவற்றையும் படியெடுத்து அந்தப் பதிவேட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
சுரூபங்கள் சீரமைக்கும் பணியில் இருப்போர் சிலர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு